ஹூக்காவின் தலையில் இருக்கும் கரி

கேள்வி:

டாக்டர் ஐயா, வணக்கம். எனக்கு 43 வயது. ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பச்சைத் தேயிலை விலையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாததால், வீட்டை ஒட்டி மூன்று ரூம் கட்டி டூரிஸ்ட்டுகளுக்கு விடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் சிகரெட்டை அடியோடு விட்டேன். போன வருடம் பெங்களூரிலிருந்து வந்த பையன்கள் ஒரு ஹூக்காவை விட்டுவிட்டுப் போனார்கள். அதிலிருந்து சனிக்கிழமை ராத்திரி நானும் நண்பர்கள் மூன்று பேரும் முன் ரூமில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் இழுப்போம். ஆப்பிள், புதினா ஃப்ளேவர்தான். புகை தண்ணீர் வழியாக வருவதால் கெடுதல் இல்லை என்கிறார்கள். இழுத்த பிறகு தலை கிறுகிறுக்கும், நெஞ்சு படபடக்கும், காலையில் தலைவலி இருக்கும். கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தால் 96, 97 காட்டுகிறது. அதனால் பயப்பட ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு 68 வயது, ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அடுத்த ரூமில்தான் தூங்குவார். அவருக்கு இதனால் ஏதாவது ஆகுமா? அப்பா 52 வயதில் ஹார்ட் அட்டாக்கில் போய்விட்டார். கரிக்குப் பதில் கரண்டில் சூடாக்கும் ஹூக்கா வந்திருக்கிறதாமே, அதை வாங்கலாமா? இன்னொன்று, சில நாட்களாகத் தோட்டத்து மேட்டில் ஏறும்போது இடது தோள் கனக்கிறது. குளிர் என்று நினைக்கிறேன்.

பதில்:

தம்பி, உங்களைவிட எனக்கு இருபது வயது கூட இருக்கும் என்பதால் அப்படியே கூப்பிடுகிறேன். ஹூக்காவைப் பற்றி விலாவாரியாக எழுதிவிட்டு, "இன்னொன்று" என்று சொல்லிக் கடைசியில் தோளைச் சேர்த்திருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

மேட்டில் ஏறும்போது கனக்கும் தோள், நின்றால் சரியாகிவிடுகிறதா? நீங்கள் எழுதவில்லை. நின்ற ஐந்து நிமிடத்துக்குள் அது தானாக விலகி, மறுநாள் ஏறக்குறைய அதே இடத்தில் மறுபடி வருகிறதென்றால், அதை இதயக் கோளாறு என்றே சந்தேகித்துத்தான் நான் பரிசோதிப்பேன். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக் குறுகியிருந்தாலும் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் இதயம் கூடுதல் ரத்தம் கேட்கும். குறுகிய குழாயால் கொடுக்க முடியாது. அந்தப் பற்றாக்குறை நடுநெஞ்சில்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. தோள், கை, தாடை, முதுகு, மேல்வயிறு என எங்கும் வரலாம். "வலி" என்ற சொல்லையே பலர் சொல்ல மாட்டார்கள். அழுத்துகிறது, இறுக்குகிறது, கனக்கிறது என்பார்கள். நீங்கள் சொன்னதும் அதுதான்.

குளிர் என்று நினைத்ததில் பாதி சரி. குளிரில் உடம்பின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும், இதயத்துக்கு வேலை கூடும். அதனால்தான் மார்கழி, தை மாதக் காலைகளில் எங்களிடம் நெஞ்சுக்காரர்கள் அதிகம் வருகிறார்கள். குளிரில் வருகிறது என்பதற்காகக் குளிர்தான் காரணம் என்று விட்டுவிட முடியாது. அதிலும் உங்கள் அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்னால் இதய நோய் வந்திருந்தால், அதைத் தனி ஆபத்தாகவே கணக்கில் வைப்போம். பல வருட சிகரெட் வேறு. ஆகவே இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். ஈசிஜி எடுத்து "நார்மல்" என்று சீட்டு கொடுத்தால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். படுத்த நிலையில் எடுக்கும் ஈசிஜி, அடைப்பு உள்ள பலருக்கும் சாதாரணமாகவே இருக்கும். "மேட்டில் ஏறும்போது வருகிறது" என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொல்லுங்கள். எக்கோவா, டிரெட்மில்லா, வேறு ஸ்கேனா என்பதை அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார். அதுவரை இலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேற வேண்டாம்.

சரி, இப்போது ஹூக்கா.

எல்லோரும் கண்ணாடிக் குடுவையில் குமிழியிடும் தண்ணீரைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அக்பர் அவையில் வைத்தியராக இருந்த ஒரு ஹக்கீம், புகையைத் தண்ணீருக்குள் விட்டால் சுத்தமாகிவிடும் என்று யோசனை சொன்னார் என்று ஒரு கதை உண்டு. கதை நிஜமோ இல்லையோ, நானூறு வருடமாக அந்த நம்பிக்கை மட்டும் தேயவே இல்லை. தண்ணீர் செய்வது முக்கியமாக ஒரே வேலை: புகையைக் குளிர வைக்கிறது. நிகோட்டினில் கொஞ்சம் அதில் கரையும். மற்றபடி கார்பன் மோனாக்சைடு, நுண்ணிய துகள்கள், கன உலோகங்கள், புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் எல்லாம் குமிழிக்குள் உட்கார்ந்து சவாரி செய்து நேராக உங்கள் நுரையீரலுக்கு வந்துவிடும். புகை குளிர்ந்திருப்பதால் தொண்டை எரியாது. எரியாததால் ஆழமாக, நிறைய இழுப்பீர்கள். ஆக, அந்தத் தண்ணீர் உங்களுக்குக் காவல் நிற்கவில்லை. புகைக்குத்தான் வழி செய்து கொடுக்கிறது.

தண்ணீரை விட்டுவிட்டு மேலே பாருங்கள். கிண்ணத்தில் வெல்லப்பாகும் கிளிசரினும் பழ வாசனையும் சேர்த்துப் பிசைந்த புகையிலை. அதன்மேல் ஓட்டை போட்ட அலுமினிய ஃபாயில். ஃபாயில் மேல் கரி. சிகரெட்டுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசமே இந்தக் கரிதான். சிகரெட்டில் புகையிலையே எரிகிறது. ஹூக்காவிலோ புகையிலை வேகத்தான் செய்கிறது, எரிவது கரி. ஒவ்வொரு முறை நீங்கள் இழுக்கும்போதும் காற்று அந்தக் கங்கு வழியாகத்தான் உள்ளே வருகிறது. கொல்லன் உலையில் துருத்தி செய்யும் வேலையை உங்கள் வாய் செய்கிறது. உலையின் புகைபோக்கியாக இருப்பதும் உங்கள் நெஞ்சுதான்.

கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் ஆக்சிஜன் ஏற முடியாது. பஸ்ஸில் சீட்டெல்லாம் யாரோ துண்டு போட்டு வைத்த மாதிரி. பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஏற வேண்டியவர் கீழேயே நிற்பார். ஏறிய ஆக்சிஜனையும் திசுக்களில் எளிதில் இறக்கிவிட அது விடாது. இந்தக் குறையை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும். நிகோட்டின் வேறு அட்ரினலினைக் கிளப்பிவிட்டுத் துடிப்பையும் அழுத்தத்தையும் ஏற்றும். நீங்கள் சொன்ன படபடப்பு இந்த இரண்டும் சேர்ந்தது. கிறுகிறுப்பை "நல்ல ஏத்தம்" என்று உங்கள் நண்பர்கள் சொல்லக்கூடும். அதில் ஒரு பங்கு, மூளைக்கு ஆக்சிஜன் போதாமல் வருவது.

ஒரு தடவை ஹூக்கா இழுப்பது நூறு சிகரெட்டுக்குச் சமம் என்று பலர் எழுதுவார்கள். அந்தக் கணக்கு எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அது புகையின் கொள்ளளவைப் பற்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு சிகரெட்டில் 8 முதல் 12 இழுப்பு, மொத்தம் அரை லிட்டர் சொச்சம் புகை. ஹூக்காவில் 20 முதல் 80 நிமிடம், 50 முதல் 200 இழுப்பு, ஒவ்வொரு இழுப்பும் ஒரு லிட்டர் வரை போகலாம். அப்படித்தான் நூறு வருகிறது. இதைக் கேட்டவர் "நூறு சிகரெட் குடித்தவன் எழுந்து நடப்பானா, சும்மா பயமுறுத்துகிறார்கள்" என்று மொத்தத்தையும் தள்ளிவிடுவார். 2016இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தினர் பழைய ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட கணக்கு இன்னும் உபயோகமானது. ஒரு சிகரெட்டோடு ஒப்பிட்டால் ஒரு தடவை ஹூக்காவில் நிகோட்டின் சுமார் இரண்டரை மடங்கு, தார் என்னும் பிசின் போன்ற புகைக்கசடு 25 மடங்கு, கார்பன் மோனாக்சைடு 10 மடங்கு. நிகோட்டின் இரண்டரை, மோனாக்சைடு பத்து! கரி செய்கிற வேலை அந்த வித்தியாசத்திலேயே தெரிகிறது.

இனி உங்கள் ஆக்சிமீட்டர். இதில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். இருபத்தைந்து வருடத்துக்கு முன், மலையில் ஒரு மருத்துவமனையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். உறைபனி விழுந்த ஒரு விடிகாலை, கணவன் மனைவி இரண்டு பேரும் தலைவலி, வாந்தி என்று வந்தார்கள். விரலில் மாட்டினால் இருவருக்கும் 98. ஏதோ சாப்பாட்டுக் கோளாறு என்று மாத்திரை எழுதப் போனேன். அங்கே இருந்த மூத்த நர்ஸம்மா மெதுவாகச் சொன்னார்: "டாக்டர், ராத்திரி ரூமுக்குள்ள கரி அடுப்பு வெச்சுத் தூங்கினாங்களாம்." அவசரமாக ஆக்சிஜன் வைத்தோம். பிழைத்துக்கொண்டார்கள். அந்த அம்மா வாய் திறக்காமல் இருந்திருந்தால் நான் அவர்களை அதே அறைக்குத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

விரலில் மாட்டும் அந்தக் கருவி சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி இரண்டையும் விட்டு ரத்தத்தின் நிறத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் நல்ல சிவப்பாகத்தான் இருக்கும். கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே ரத்தத்தில் பத்தில் ஒரு பங்கு இடத்தை மோனாக்சைடு பிடித்திருந்தாலும் உங்கள் 97 அப்படியே நிற்கும். உண்மை தெரிய ரத்தம் எடுத்துத் தனியாகச் சோதிக்க வேண்டும். புகைக்காதவருக்கு அந்த அளவு 2 சதவீதத்துக்குள் இருக்கும். ஹூக்கா இழுத்து மயங்கி விழுந்து, 20 சதவீதத்துக்கு மேல் ஏறிய நிலையில் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைப் பற்றிப் பல நாட்டு மருத்துவ இதழ்களில் குறிப்புகள் இருக்கின்றன. பெரும்பாலும் இருபதுகளில் இருக்கிற பிள்ளைகள்.

காலைத் தலைவலிக்கும் இதில் விடை இருக்கிறது. சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தால், ஏறிய மோனாக்சைடில் பாதி இறங்கவே நாலைந்து மணி நேரம் ஆகும். பதினோரு மணிக்கு முடித்துவிட்டுப் படுத்தால், விடிகாலை மூன்று நான்கு மணிக்கும் பாதி உள்ளேதான் இருக்கிறது.

நம் ஊர் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். இங்கே காற்றழுத்தம் குறைவு. கடலோரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் கிட்டத்தட்ட முக்கால் பங்குதான் இங்கே கிடைக்கும். நமக்குப் பழகிவிட்டதால் தெரிவதில்லை, அவ்வளவே. அந்த முக்கால் பங்கிலும் மோனாக்சைடு கைவைத்தால் மிச்சம் என்ன? சென்னையில் மொட்டை மாடியில் இழுப்பவரைவிட, குளிருக்குக் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு ஊட்டியில் இழுப்பவருக்கு இருக்கும் மிச்சம் குறைவு. இதற்காக ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அறையில் இருக்கும் மற்றவர்களுக்கு அது உதவும். குழாயை வாயில் வைத்திருப்பவருக்குக் கங்கின் புகை நேராகவே வருகிறது.

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். ஆகும். உங்களைவிட அவருக்குத்தான் சீக்கிரம் ஆகும். இதயக் குழாயில் அடைப்பு உள்ளவர்களை வைத்து அமெரிக்காவில் செய்து 1989இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்றும் எங்களுக்குப் பாடம். ரத்தத்தில் மோனாக்சைடு அளவை 2 சதவீதம், 4 சதவீதம் அளவுக்கு மட்டும் ஏற்றி டிரெட்மில்லில் நடக்க வைத்தார்கள். அந்தச் சின்ன அளவிலேயே நெஞ்சுவலியும் ஈசிஜி மாற்றமும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தன. ஸ்டென்ட் ஓர் இடத்து அடைப்பைத்தான் விரித்து வைத்திருக்கிறது. மற்ற இடங்களுக்கு உத்தரவாதம் கிடையாது. நான்கு பேர் ஒரு மணி நேரம் கரி ஊதும் வீட்டில், கதவிடுக்கு வழியாக வருவதை அவர் ராத்திரி முழுக்கச் சுவாசிக்கிறார். காலையில் தலைவலி என்று அவர் சொன்னதுண்டா? கேட்டுப் பாருங்கள். மூச்சு வாங்குகிறதா என்பதையும் கேளுங்கள். பிள்ளைக்குச் சங்கடம் வேண்டாமென்று சொல்லாமல் இருந்திருப்பார்.

கரண்டில் சூடாக்கும் ஹூக்கா வாங்கலாமா என்றால், வேண்டாம், காசாவது மிச்சமாகட்டும். கரி இல்லாததால் மோனாக்சைடு வெகுவாகக் குறையும் என்பது உண்மை. ஆனால் இதில் ஒரு வினோதம் இருக்கிறது. கரி ஹூக்கா இழுத்தவர்களின் ரத்தக்குழாய் விரியும் திறனை அமெரிக்காவில் அளந்து பார்த்தபோது, அது குறையவில்லை, அதிகரிக்கவே செய்தது. அதே புகையிலையைக் கரண்டில் சூடாக்கி இழுத்தவர்களுக்குக் குறைந்தது. மோனாக்சைடுக்கே குழாயைத் தற்காலிகமாக விரிக்கும் குணம் உண்டு. நிகோட்டினும் நுண்துகள்களும் செய்த சேதத்தை அது மூடி மறைத்திருக்கிறது. கரியை எடுத்ததும் சாயம் வெளுத்தது. ரத்தக்குழாயின் உட்சுவர் கெடுவதும், ரத்தத்தட்டுகள் ஒட்டிக் கட்டியாவதும்தான் மாரடைப்பின் தொடக்கம். புகையிலை இல்லாத "ஹெர்பல்" சமாசாரமும் அப்படித்தான்: நிகோட்டின் இருக்காது, கரியும் தாரும் அப்படியே இருக்கும்.

வாரத்துக்கு ஒரு நாள்தானே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. வாரம் ஒருமுறை இழுப்பவருக்குப் பத்து வருடத்தில் இத்தனை சதவீதம் ஆபத்து என்று நான் எண் சொல்லப் போவதில்லை. தினமும் பல வருடம் இழுப்பவர்களிடம் இதய நோய் கூடுதலாக இருப்பதை ஈரான் போன்ற நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2019இல் அமெரிக்க இதயச் சங்கம் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டு எச்சரித்தது. ஆனால் உங்கள் விஷயத்தில் பத்து வருடக் கணக்கு அனாவசியம். குழாய் ஏற்கனவே குறுகியிருந்தால், ஒரு சனிக்கிழமை ராத்திரியே போதும்.

சிகரெட்டை விட்டதற்கு உங்களை மனதாரப் பாராட்டுகிறேன். அது லேசான காரியமில்லை. ஹூக்கா அந்த மூன்று வருட உழைப்பைப் பின்வாசல் வழியாகத் திருடிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை வந்தாலே மனம் சனிக்கிழமையைத் தேடுகிறதா? அது நிகோட்டின் கூப்பிடுவது. விடுவதற்குத் துணை வேண்டுமென்றால் 1800 11 2356 என்ற இலவச எண் இருக்கிறது. புகையிலையைக் கைவிட உதவும் தேசிய சேவை. நிகோட்டின் சூயிங்கம்மை நீங்களாகக் கடையில் வாங்கி மெல்ல வேண்டாம். முதலில் இதயப் பரிசோதனை முடியட்டும், அப்புறம் டாக்டரே சொல்வார். விட்டால் பலனும் சீக்கிரம் தெரியும். மோனாக்சைடு இரண்டு நாளில் சுத்தமாக இறங்கிவிடும். ஒரே குழாயை நாலு பேர் வாயில் வைப்பதால் வரும் சளி, காசநோய்க் கதையையெல்லாம் நான் ஆரம்பிக்கவே இல்லை.

விருந்தினருக்கு அதை எடுத்து வைத்ததாக நீங்கள் எழுதவில்லை. வைத்திருந்தால் நிறுத்திவிடுங்கள். தமிழ்நாட்டில் ஹூக்கா பார் நடத்துவதைத் தடை செய்யும் சட்டத் திருத்தம் 2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். உங்கள் மூன்று ரூம் அந்த வரையறைக்குள் வருமா என்று நான் சொல்ல முடியாது, நான் வக்கீல் இல்லை. ஆனால் கேம்ப் ஃபயர் கரியை ரூமுக்குள் எடுத்துப்போகக் கூடாது என்று விருந்தினரிடம் சாவி கொடுக்கும்போதே சொல்லுங்கள். குளிருக்கு அறைக்குள் கரி வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாமல் போன செய்தி ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஹூக்காவை உடைத்தெல்லாம் போட வேண்டாம். கண்ணாடிக் குடுவையில் அம்மா மணி பிளான்ட் வைக்கட்டும். குழாயையும் கிண்ணத்தையும் குப்பையில் போடுங்கள்.

இதற்கிடையில் ஒருநாள் அந்தக் கனம் நின்ற பிறகும் விலகாமல் பத்து நிமிடத்தைத் தாண்டினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, உடனே 108. நீங்களே வண்டியை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் இறங்கிக் கோயம்புத்தூர் போய்ச் சேரலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கோடு மயங்கினால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. தமிழ்நாடு அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் உறைவதைத் தடுக்கும் முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். வழியில் இருப்பதை விட்டுவிட்டுத் தொலைவில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியைத் தேட வேண்டாம்.

திங்கட்கிழமை காலை போங்கள். வெறும் வயிற்றில் போனால் சர்க்கரை, கொழுப்பு இரண்டுக்கும் ஒரேயடியாக ரத்தம் கொடுத்துவிடலாம். அம்மாவையும் கூட்டிப் போங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவிலோ பஸ்ஸிலோ போங்கள், மேட்டில் நடக்க வேண்டாம்.